தண்டு இறங்கிய ஊர்: பெங்களூர் கன்டோன்மென்ட் உருவான கதை

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் பலர் கடைசி நிலையம் வரை போவதில்லை. அதற்கு முன்னால் வரும் கன்டோன்மென்ட் நிலையத்திலேயே மூட்டை முடிச்சுகளோடு இறங்கிவிடுவார்கள். சிவாஜி நகர், அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் போகிறவர்களுக்கு அதுதான் பக்கம். வெளியே வந்தால் ஆட்டோக்காரரிடம் தமிழிலேயே பேசி வாடகையை முடித்துவிடலாம். தலைமுறை தலைமுறையாக இது வழக்கம்.

கன்னடத்தில் அந்த இடத்துக்குத் 'தண்டு' என்று பெயர். நமக்கும் அந்நியமான சொல் இல்லை. தண்டு என்றால் படை. படை எங்காவது முகாமிட்டால் 'தண்டு இறங்கியது' என்பார்கள். கோயம்புத்தூர் தண்டுமாரியம்மனின் பெயரில் இருப்பதும் அதே தண்டுதான். பெங்களூர் சிவாஜி நகரிலும் ஒரு தண்டு மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒரு படை வந்து இறங்கியது, அதோடு அம்மனும் வந்து இறங்கினாள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

சரி, எந்தப் படை? அது ஏன் இங்கே வந்தது? படைக்காகப் போட்ட முகாம் எப்படி ஒரு முழு நகரமாகி, அதிலும் தமிழ் பேசும் நகரமாக ஆனது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆங்கிலேயர் காலத்தில் தமிழர்கள் பிழைக்க வந்தார்கள்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் மதராஸ் ராணுவத்தின் அமைப்பும் மைசூரின் கஜானாவும் கொசுவும் ரயிலும் அடங்கியிருக்கின்றன.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் இறந்தார். மைசூர் அரியணையில் உடையார் குடும்பத்துச் சிறுவனை அமர்த்திவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உடன்படிக்கை போட்டது. மைசூரின் 'பாதுகாப்புக்கு' கம்பெனியின் படை அங்கேயே தங்கும். அதற்கு மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்ட வேண்டும். ரூபாய்க் கணக்கில் அது சுமார் 24.5 லட்சம். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுந்த ஒவ்வொரு பாரக்ஸுக்கும் பீரங்கிக் கொட்டகைக்கும் அடியில் இந்தப் பணம்தான் இருந்தது. மைசூர்க் குடியானவரின் வரிப்பணத்தில் மைசூர் மண்ணிலேயே நின்ற படை அது. ஆனால் உத்தரவு வருவது மட்டும் மதராஸின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து.

படை முதலில் தங்கியது ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான். காவிரி நடுவே இருக்கும் தீவு, கோட்டையும் பலமானது. ஆனால் காய்ச்சல் விடவில்லை. கெட்ட காற்றால்தான் அது வருகிறது என்று அன்றைய வைத்தியர்கள் நம்பினார்கள். குளிர்க்காய்ச்சலில் சிப்பாயும் விழுந்தான், வெள்ளைக்கார அதிகாரியும் விழுந்தான். இதற்கு நடுவே 1809-இல் இன்னொரு விபரீதமும் நடந்தது. மதராஸ் ராணுவத்தின் வெள்ளைக்கார அதிகாரிகளே தங்கள் அரசை எதிர்த்துக் கிளம்பினார்கள். படைக்குக் கூடாரம் தயாராக வைத்திருப்பதற்காக அவர்களுக்குக் கிடைத்துவந்த படித்தொகையை நிறுத்தியதுதான் ஆரம்பம். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படையும் அதில் சேர்ந்து, பிறகு பணிந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்தான், 1806-இல், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்திருந்தார்கள். மதராஸ் ராணுவத்துக்கு அமைதியான காலம் இல்லை அது.

அதே 1809-இல் பெங்களூரில் புதிய கன்டோன்மென்ட் தொடங்கியது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம். புழுக்கம் இல்லாத காற்று, விரிந்த மேட்டு நிலம், மதராஸிலிருந்து நேரே வரக்கூடிய வழி. ஏற்கெனவே அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கெம்பே கவுடா 1537-இல் கட்டியதாகச் சொல்லப்படும் பேட்டையும், 1791-இல் கார்ன்வாலிஸ் பிடித்த கோட்டையும்தான் அந்த ஊர். நெசவாளர்களும் எண்ணெய் வாணியர்களும் தெருத் தெருவாக வாழ்ந்த கன்னட வணிக நகரம். புதுப் படை அந்தப் பேட்டைக்குள் நுழையவில்லை. கிழக்கே சில மைல் தள்ளி, அல்சூர் கிராமத்தையும் அதன் ஏரியையும் ஒட்டி இறங்கியது.

ஏன் தள்ளி? கன்டோன்மென்ட்டுகளை எல்லா ஊரிலும் அப்படித்தான் அமைத்தார்கள். ஊரின் சந்தடியும் நோயும் படையை அண்டக் கூடாது. ஊரில் கலகம் வந்தால் படை வெளியே நின்று அடக்க வேண்டும். படை ஊரோடு கலந்து பேசிவிடவும் கூடாது. முதலில் நடுவே ஒரு பெரிய பெரேடு மைதானம். அதன் விளிம்பில் நேர்க்கோட்டில் சாலைகள். ஒருபக்கம் வெள்ளைக்காரப் படையின் பாரக்ஸ், ஒருபக்கம் சிப்பாய்களின் குடிசை வரிசையான லைன், காற்றோட்டமான இடத்தில் பெரிய தோட்டத்தோடு அதிகாரிகளின் பங்களா, தேவாலயம், கல்லறைத் தோட்டம், ஒதுக்குப்புறமாகக் கடைத்தெரு. பெங்களூரின் சாலைப் பெயர்களை வாய்விட்டுப் படித்தாலே அந்த வரைபடம் கண்முன் வந்துவிடும்: இன்ஃபன்ட்ரி (காலாட்படை) ரோடு, கேவல்ரி (குதிரைப்படை) ரோடு, ஆர்ட்டிலரி (பீரங்கிப்படை) ரோடு, பிரிகேட் (படைப்பிரிவு) ரோடு, கமிசேரியட் (படைக்கான உணவு, தளவாட வழங்கல்) ரோடு. இன்றைய மகாத்மா காந்தி ரோடு அன்றைக்கு சவுத் பெரேடு, அதாவது பெரேடு மைதானத்தின் தெற்கு ஓரம்.

இதுவரை சொன்னது ராணுவம் காகிதத்தில் போட்ட ஊர். மண்ணில் எழுந்த ஊர் இதைவிடப் பெரியது.

கன்டோன்மென்ட் என்றதும் எல்லோரும் சர்ச்சிலைச் சொல்வார்கள். 1896-இல் 4-ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையின் இளம் அதிகாரியாக வந்தார், கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார் என்பது ஊரறிந்த செய்தி. என் கண் அந்த 13 ரூபாயில் நிற்கவில்லை. அவர் தன் இளமைக்கால நினைவுகளில் போகிறபோக்கில் சொல்லும் வேலையாட்கள் கணக்கில் நின்றது. மூன்று அதிகாரிகள் சேர்ந்து ஒரே பங்களாவில் இருந்தார்கள். ஆளுக்கொரு பட்லர். ஆளுக்கொரு உடுப்புப் பையன். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர். மூவருக்கும் பொதுவாக இரண்டு தோட்டக்காரர், தோல்பையில் தண்ணீர் சுமக்க மூன்று பேர், துணி வெளுக்க நான்கு பேர், ஒரு காவல்காரர். குதிரைக்காரர்களைச் சேர்க்காமலே 16 பேர் ஆகிறது. திருமணமாகாத மூன்று இளைஞர்களுக்கு! அந்தப் பதினாறு பேருக்கும் வீடு, மனைவி, பிள்ளை, அப்பா அம்மா உண்டு. அவர்களுக்கு அரிசிக்கடை வேண்டும், கோயில் வேண்டும், பிரசவம் பார்க்க ஆள் வேண்டும், தாலி செய்யத் தட்டார் வேண்டும்.

ஒரு பங்களாவுக்கு இது. பாரக்ஸுக்கு மாட்டிறைச்சியும் ரொட்டியும் போட வேண்டும். பீரங்கி இழுக்கும் மாடுகளுக்குத் தீவனம், குதிரைகளுக்குப் புல். தினமும் விடிகாலையில் கருக்கரிவாளோடு கிளம்பி, ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புல் செதுக்கி, கட்டித் தலையில் சுமந்து வந்தவர்கள் இல்லாமல் குதிரைப்படை ஒரு வாரம்கூட நின்றிருக்காது. பூட்ஸ் தைக்கச் செம்மார், உடுப்புத் தைக்கத் தையற்காரர், கட்டடத்துக்குக் கொத்தனாரும் சூளைக்காரரும், மலம் அள்ள ஆட்கள். ராணுவ ஆவணங்களில் இவர்களுக்குப் 'படையைப் பின்தொடர்பவர்கள்' என்று ஒரே பெயர்தான். பின்தொடர்ந்தவர்கள்தான் ஊரைக் கட்டினார்கள்.

அவர்கள் ஏன் தமிழர்களாக இருந்தார்கள்? கன்டோன்மென்ட் மைசூர் மண்ணில் இருந்தாலும், அங்கே தங்கியது மதராஸ் ராணுவம். அதன் சிப்பாய்கள் ஆற்காடு, வேலூர், செங்கல்பட்டு, திருச்சி, ஆந்திரக் கடற்கரை என்று மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் தக்கணி உருது பேசிய முஸ்லிம்களும் ஒரே ரெஜிமென்டில் இருந்தார்கள். தெலுங்கும் உருதும் இன்றும் அந்தத் தெருக்களில் கேட்கின்றன. ஆனாலும் கூட்டத்தில் பெரிய குரல் தமிழ்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதிகம் பேசப்படாதது அது. வடக்கே வங்காள ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய் மனைவி மக்களைக் கிராமத்திலேயே விட்டுவிட்டு வருவான். விடுப்பில் ஊருக்குப் போய்ப் பார்ப்பான். மதராஸ் சிப்பாய் அப்படி இல்லை. குடும்பத்தைக் கூடவே அழைத்துவந்தான். மனைவி, குழந்தைகள், வயதான தாய், சில சமயம் தங்கையும் மைத்துனனும்கூட. ரெஜிமென்ட் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறும்போது, அணிவகுப்புக்குப் பின்னால் மாட்டுவண்டிகளில் பானை சட்டிகளோடு ஒரு கிராமமே நகரும். போய்ச் சேர்ந்த இடத்தில் சிப்பாய்களே தங்கள் லைனில் குடிசை போட்டுக்கொள்வார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் இதைச் செலவு, தொல்லை என்றே எழுதினார்கள். ஆனால் மதராஸ் சிப்பாய் கட்டுப்பாடாக இருந்ததற்கும் இந்தக் குடும்ப வாழ்க்கையே காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

வட இந்தியக் கன்டோன்மென்ட் ஒன்றில் ரெஜிமென்ட் போய்விட்டால் லைன் காலியாகும். பெங்களூரில் ரெஜிமென்ட் போன பிறகும், ஓய்வுபெற்ற அவில்தார் போகமாட்டார். மகன் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்திருப்பான், மகளை அல்சூரிலேயே கட்டிக்கொடுத்திருப்பார்கள். ராணுவத்துக்கு அது தற்காலிக முகாமாக இருந்திருக்கலாம். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு அது ஊராகிவிட்டது. பெங்களூர் கன்டோன்மென்ட் தமிழ் நகரமானதற்கு இதுவே வேர் என்று நான் நினைக்கிறேன். பிழைப்பு தேடி வந்த கூட்டம் அதன் மேல் வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூர் வட்டாரத்தில் தமிழ் 1809-இல் முளைத்தது இல்லை. தொம்லூர் சொக்கநாதர் கோயிலில் பல நூற்றாண்டுகள் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பேட்டையில் கரகத் திருவிழா எடுக்கும், தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தாரும் கன்டோன்மென்ட்டுக்கு முந்தியவர்கள். ஆனால் அந்தப் பழைய தமிழும் தண்டோடு வந்த தமிழும் வேறு வேறு வரலாறு கொண்டவை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசினால் எதுவும் விளங்காது.

வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சிவாஜி நகர்த் தெருக்கள் இன்னும் சொல்கின்றன. அந்த இடத்துக்கு ஆங்கிலேயர் காலத்துப் பெயர் பிளாக்பள்ளி. அங்கே வீராப்பிள்ளை தெரு, நாராயண பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு எல்லாம் இருக்கின்றன. கன்னட நாட்டின் தலைநகரில் தெருப் பலகையில் 'கோயில்' என்ற சொல் நிற்கிறது பாருங்கள். தர்மராஜா கோயிலும் திரௌபதி வழிபாடும் செஞ்சி, ஆற்காடு வட்டாரத்தின் கிராம வாழ்க்கையோடு பின்னியவை. தெருப் பெயரே ஊர் முகவரியாக இருக்கிறது.

அதே பகுதியில்தான் செயின்ட் மேரி தேவாலயம். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கர்களின் வழிபாட்டில் தொடங்கியது அது என்பது மரபு. 1818 வாக்கில் அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே ஒரு சிறு கூரைக் கோயில் எழுப்பினார். இந்து சமூகப் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிப் பெயர்பெற்றவர் இவர். மைசூர்ப் பகுதியில் அம்மை குத்துவதைப் பரப்பியவரும்கூட. இப்போது நிற்கும் கூர்மாடக் கட்டடம் 1882 செப்டம்பர் 8-இல் அர்ச்சிக்கப்பட்டது.

பணம் சேர்த்தவர்களும் உண்டு. ராணுவத்துக்கும் அரசுக்கும் ஒப்பந்தம் எடுத்த முதலியார்களும் பிள்ளைகளும் கன்டோன்மென்ட்டின் புதுச் செல்வர்கள் ஆனார்கள். அவர்களில் பெரியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். இன்று உயர் நீதிமன்றம் நடக்கும் சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் அவர். 1873-இல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு நடக்கிறது. ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி திறந்தார். பேட்டையின் பழைய செட்டிகளுக்கு இருந்த குலப் பெருமை கன்டோன்மென்ட் வியாபாரிக்குக் கிடையாது. பள்ளியும் சத்திரமும்தான் அவருக்கு ஊரில் நிலையான இடத்தைத் தந்தன.

ஆட்சி எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெங்களூர் மற்றக் கன்டோன்மென்ட்டுகளிலிருந்து விலகுகிறது. நகரில் ஒரு கிளர்ச்சிக்குப் பிறகு 1831-இல் மைசூர் ஆட்சியையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். (இந்த நகர் என்பது மலைநாட்டில் உள்ள ஒரு சீமையின் பெயர்.) 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்த மார்க் கப்பன் தலைமையிடத்தை மைசூரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டு கழித்து 1881-இல் ஆட்சியை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, கன்டோன்மென்ட்டை மட்டும் கொடுக்கவில்லை. 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று பெயரிட்டு, மைசூரில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்டின் கையில் வைத்துக்கொண்டார்கள். ஆண்டுக் கப்பத்தையும் 24.5 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்த்த ஒப்பந்தம் ஆனது. மைசூரின் கஷ்டத்தைப் பார்த்து அதைச் சில ஆண்டுகள் தள்ளி வைத்தார்கள். 1876-78 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்களை இழந்திருந்த நாடு அது.

அதன் விளைவு, ஒரே ஊருக்குள் இரண்டு ஊர். பேட்டைக்கு ஒரு முனிசிபாலிட்டி, கன்டோன்மென்ட்டுக்கு ஒன்று. ஒருபக்கம் மகாராஜாவின் சட்டம், நடந்தே போய்விடும் தூரத்தில் மறுபக்கம் பிரிட்டிஷ் சட்டம், வேறு போலீஸ், வேறு கோர்ட்டு. நடுவில் எல்லையாக நின்றது 1870-இல் போட்ட கப்பன் பூங்கா. பூங்காவுக்கு மேற்கே கன்னடம், கிழக்கே தமிழும் உருதும் ஆங்கிலமும். மேற்கே இருந்தவர் கிழக்கே போனால் 'தண்டுக்குப் போகிறேன்' என்பார்.

எது பெரிய ஊர் என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சாட்சி. 1881-இல் பேட்டை நகரத்தில் 62,317 பேர். கன்டோன்மென்ட்டில் 93,540 பேர். 72 ஆண்டுகளில் முகாம் பழைய ஊரைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இவர்களில் துப்பாக்கி பிடித்தவர்கள் சிறு பகுதி. 1891-இல் கன்டோன்மென்ட் ஒரு லட்சத்தைத் தாண்டி 1,00,081 ஆனது.

அந்தப் பெருக்கத்துக்கு ரயிலே பெரிய காரணம். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கிளைப் பாதை போட்டபோது அது வந்து நின்ற இடம் கன்டோன்மென்ட்தான். பேட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. படையையும் தளவாடத்தையும் ஏற்றி இறக்கப் போட்ட பாதையில், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரியும் குடியாத்தத்துத் தறிக்காரரும் காட்பாடியில் ஏறிய கூலிக்காரரும் வந்து சேர்ந்தார்கள். வட ஆற்காட்டுக்காரருக்குச் சொந்த ஊரும் பெங்களூரும் ஒரு பகல் பயணம் ஆகிப்போயின. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு அந்த ரயில் பாதையோடே வளர்ந்தது.

காய்கறிகூட அந்தப் பாதையில் எதிர்த்திசையில் பயணம் செய்தது. வெள்ளைக்காரர் சமையலுக்காகப் பெங்களூரைச் சுற்றிப் பயிரிட்ட கோசும் பீன்ஸும் கேரட்டும் நம் ஊர்ச் சந்தைக்கு 'இங்கிலீஷ் காய்கறி' என்ற பெயரில் வந்தன. சௌசௌவுக்குப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயர் வைத்தவர்களும் நாம்தான்.

நோயின் கதைக்கு வருவோம். கன்டோன்மென்ட் வரலாற்றில் அது ஓரத்துச் செய்தி இல்லை, மைய இழை. இந்தியாவில் பிரிட்டிஷ் படைவீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்துகொண்டிருந்தார்கள் என்று 1863-இல் ஓர் அரச விசாரணைக் குழு சொன்னது. அதில் பெரும்பகுதி போரில் போன உயிர்கள் இல்லை. காலராவும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோனவை. அதன் பிறகு கன்டோன்மென்ட் முழுக்கச் சுகாதாரத்தின் பெயரால் ஆளப்பட்டது. 1864-இல் கன்டோன்மென்ட்டுகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1868-இன் தொற்றுநோய்ச் சட்டம், படைக்குப் பால்வினை நோய் பரவாமல் தடுப்பதாகச் சொல்லி, ஏழைப் பெண்களைப் பதிவேட்டில் ஏற்றி, கட்டாயமாகச் சோதித்து, 'லாக்' எனப்பட்ட பால்வினை நோய் ஆஸ்பத்திரியில் அடைக்க அதிகாரம் கொடுத்தது. நோயைப் பரப்பிய சிப்பாய்க்கு அப்படிச் சோதனை இல்லை. 1888 வரை அந்தச் சட்டம் இருந்தது. அந்தப் பதிவேடுகளில் பெயராக மட்டும் மிஞ்சிய பெண்களின் வாழ்க்கையை யாரும் அவர்கள் வாயால் கேட்டு எழுதவில்லை. கன்டோன்மென்ட்டின் அழகான மரங்களையும் பங்களாக்களையும் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு ஓடவைத்த காய்ச்சலுக்கு விடை தேடிய ஒருவரும் இங்கே இருந்தார். 1883-இல் பெங்களூர்ப் படைப்பிரிவின் தற்காலிக மருத்துவராக இருந்த ரொனால்டு ராஸ், பங்களாவில் கொசு மொய்ப்பதையும், தேங்கிய தண்ணீரை அகற்றினால் கொசு குறைவதையும் கவனித்தார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு அப்போது அவருக்கும் தெரியாது. 1897-இல் செகந்திராபாத்தில், அதுவும் ஒரு கன்டோன்மென்ட், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்ட காற்றுக்குப் பயந்து மேட்டு நிலத்துக்கு வந்த படையின் மருத்துவரே கடைசியில் காற்றின் மேல் இருந்த பழியைத் துடைத்தார்.

ஆனால் 1898 ஆகஸ்டில் வந்த பிளேக்கை யாராலும் தடுக்க முடியவில்லை. பம்பாயிலிருந்து ரயில் வழியாக வந்த நோய் நெருக்கமான தெருக்களில் புகுந்தது. ஆட்கள் செத்தார்கள், மீதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். 1901 கணக்கில் கன்டோன்மென்ட்டின் தொகை 89,599 ஆகக் குறைந்திருந்தது. பத்தாயிரத்துக்கு மேல் இழப்பு. அதுவரை பங்களாக்காரர்களுக்கு அகலமான சாலையும் வேலைக்காரர்களுக்குக் காற்றுப் புகாத சந்தும் என்று இருந்த ஏற்பாடு பிளேக்கில் உடைந்தது. எலி புகாத வீடுகளும் பின்சந்தும் சாக்கடையும் கொண்ட புதுக் குடியிருப்புகளை வரைந்தார்கள். 1906-இல் தொடங்கிய பிரேசர் டவுன் அப்படி வந்தது; ரெசிடென்ட் ஸ்டுவர்ட் பிரேசரின் பெயர். காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் எல்லாம் அதே வரிசை. கூலிக்காரர்கள் வாழ்ந்த நாக்ஸ்பேட்டையை மாற்றி மர்பி டவுன் கட்டினார்கள்.

இதற்கிடையில் படையிலும் ஒரு மாற்றம். 1880களில் 'வீர இனம்' என்றொரு கொள்கை ராணுவத்தைப் பிடித்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர்கள் என்று முடிவு கட்டினார். பிறகு அவரே இந்தியாவின் தலைமைத் தளபதி ஆனார். மதராஸ் காலாட்படைப் பிரிவுகளைக் கலைத்தார்கள் அல்லது பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பினார்கள். ஆற்காட்டையும் மைசூரையும் கம்பெனிக்கு வென்று கொடுத்த சிப்பாய்களின் பேரப்பிள்ளைகளுக்கு 'நீ போர்வீரன் இல்லை' என்று சொன்ன அநியாயம் அது. பல குடும்பங்களில் துப்பாக்கி பிடித்த தலைமுறைக்குப் பின் குமாஸ்தா வேலையும் ரயில்வே வேலையும் தொழிற்சாலை வேலையும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தப்பித்தது மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. 1780-இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியது அது. பாலம் கட்ட, பாதை போட, கோட்டைச் சுவரை வெடிவைத்துத் தகர்க்க இவர்களை விட்டால் ஆளில்லை என்பதை ராபர்ட்ஸாலும் மறுக்க முடியவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் அவர்களின் மையம் இருக்கிறது. அந்தப் படைவீரர்களுக்கு ராணுவம் முழுவதும் செல்லப் பெயர் 'தம்பி'. எந்த மொழிக்காரர் சேர்ந்தாலும் அங்கே அவர் தம்பிதான். 1912-இல் மெக்ளின்டாக் என்ற அதிகாரி இங்கே உருவாக்கிய நீள்குழாய் வெடி, முள்கம்பி வேலியைத் தகர்க்கும் கருவியாக உலகப் படைகள் பலவற்றிலும் பரவியது. 'பெங்களூர் டார்ப்பிடோ' என்பது அதன் பெயர். 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய அமெரிக்க வீரர்கள் கையிலும் அது இருந்தது.

1947-இல் கன்டோன்மென்ட் மைசூரிடம் திரும்பி வந்தது. 1949-இல் இரண்டு முனிசிபாலிட்டிகளும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. காகிதத்தில் ஒரு நாளில் ஒன்றாகிவிட்டன. தெருவில் அவ்வளவு சீக்கிரம் ஆகவில்லை. 138 ஆண்டுகள் வேறு ஆட்சியில், வேறு மொழியில், வேறு பள்ளிகளில் வளர்ந்த இரண்டு ஊர்கள் அவை. பேட்டைக் கன்னடர் கண்ணில் கன்டோன்மென்ட் தன் மண்ணில் இருந்தும் தன்னுடையதாக இல்லாத இடம். அங்கே போனால் தன் மொழிக்கு மரியாதை இல்லை என்ற குறை அவருக்கு நியாயமாகவே இருந்தது. கன்டோன்மென்ட் தமிழருக்கோ அது தன் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்த ஊர். வந்தேறி என்று யாராவது சொன்னால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. 1991 டிசம்பரில் காவிரியை வைத்து மூண்ட வன்முறையில் அடிபட்டவர்களும் வீடு இழந்தவர்களும் பெரும்பாலும் ஏழைத் தமிழர்கள். அதே ஆண்டில் அல்சூர் ஏரி அருகே நிறுவிய திருவள்ளுவர் சிலையைத் திறக்க முடியாமல் 18 ஆண்டுகள் மூடியே வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்ட் 9-இல் அதைத் திறந்தார்கள். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. இந்தச் சச்சரவைக் காவிரியில் தொடங்கியது என்று நினைப்பவர்கள், கப்பன் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அங்கே ஓடிய எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் பேட்டைக்காரர்களும் இல்லை, அல்சூர்க்காரர்களும் இல்லை.

கேவல்ரி ரோட்டுக்கு இப்போது காமராஜ் ரோடு என்று பெயர். குதிரைகள் போன வழி அது. சாலையின் ஒருபக்கம் இன்னும் ராணுவ நிலம், சுவருக்குள் மரங்கள், காவலுக்கு ஆள். மறுபக்கம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குள் இறங்கும் சந்துகள், ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பிரியாணிக் கடை. ஆகஸ்ட் கடைசியில் செயின்ட் மேரி தேவாலயத்தில் கொடி ஏறினால் அந்தச் சந்துகள் எல்லாம் காவி உடுத்தியவர்களால் நிறைந்துவிடும். கத்தோலிக்கர், இந்து என்ற பேதமில்லாமல் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். ஒலிபெருக்கியில் கன்னடத்தில் ஒரு செபம், ஆங்கிலத்தில் ஒன்று, அப்புறம் தமிழில். செப்டம்பர் 8 மாலை தேர் கிளம்பும்போது, போலீஸ்காரர் கயிறு கட்டி வழிவிடச் சொல்வது தமிழில்தான் இருக்கும்.